குட்டைக்காட்டு மோட்டர் ரூம்

உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கதவத் தட்டாதீங்க. உள்ள நகராட்சிக் கூட்டம் நடக்குது. அது முடியற வரைக்கும் ஒருத்தரும் வந்து உங்களக் கண்டுக்க மாட்டாங்க. என்ன சோலியா வந்தீங்க? தண்ணி கனெக்ஷனா. எந்தப் பக்கம்? ஓ, பைபாஸ் ரோட்டுல புதுசாப் போட்ட சைட்டுங்களா. ஊடு கட்டி முடிச்சாச்சு, தண்ணி வல்லே. எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க. கவலப்படாதீங்க, நானே சொல்லி வாங்கிக் குடுக்கறேன். நான் பதினோராவது வார்டு கவுன்சிலருங்க. சென்னியப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? கவுன்சிலருன்னா உள்ள இருக்கோணும், வெளிய பெஞ்சுல என்ன பண்றாருன்னா? அதுவும் நியாயந்தான். போன தடவ எம் பேர்லயே நின்னு ஜெயிச்சேன். இந்தத் தடவ எங்க வார்ட லேடீஸ் வார்டா மாத்திப்போட்டாங்க. அதுக்காக நான் சும்மா இருக்க முடியுமுங்களா. சம்சாரம் பேர்ல நின்னு ஜெயிச்சேன். ஓட்டு மெஷின்ல மட்டுந்தான் பூங்கோதைன்னு இருந்துச்சு. பிளெக்ஸ்ல பாத்தா எம் படம் இத்தாச்சோடு பெருசா, அவ படம் ஓரத்துல ஸ்டாம்பு சைஸ்ல. ஜனங்களுக்கும் தெரியும். என்னையக் கண்டா கவுன்சிலரும்பாங்க, அவளக் கண்டா அக்காம்பாங்க. அவளும் ஒண்ணும் சொன்னதில்ல.

முன்னெல்லாம் நாங்களும் உள்ளதான் இருப்போம். பொம்பளக் கவுன்சிலருக முன்னால, ஊட்டுக்காரருக நாங்க பின்னால சேர் போட்டு. என்ன பேசோணும்னு பின்னாலருந்து நாங்க சொன்னா, அவங்க எந்திரிச்சு அத அப்படியே சொல்லிப்போட்டு ஒக்காந்துக்குவாங்க. கூட்டம் நல்லாப் போயிட்டிருந்துச்சு. இப்ப வந்த கமிஷனரம்மா, கவுன்சிலரத் தவிர ஒருத்தரும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. கதவுலயே எழுதி ஒட்டியிருக்குது பாருங்க. இந்தப் பெஞ்சு எங்களுக்காகப் போட்டதுதான். மத்த ஊட்டுக்காரருக கொஞ்ச நாள் வந்தாங்க, அப்பறம் எதுத்தாப்பல டீக்கடைக்கு மாறிட்டாங்க. நாந்தான் ஒரு கூட்டம் விடாம வந்து ஒக்காந்திருக்கேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதல்ல.

அவகிட்டக் கேப்பேன், உள்ள என்ன பண்ணுனேன்னு. "ஒக்காந்திருந்தேனுங்க"ம்பா. அவ்வளவுதான் அவ.

ஆனா இன்னிக்குக் கூட்டம் முக்கியமுங்க. காத்தால இட்லி தின்னும்போதே படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருக்கேன். பொருள் பதினாலுன்னு படிப்பாங்க, பாதாள சாக்கடை விரிவாக்கம். நீ ஒடனே எந்திரி. "எங்க வார்டுல வேண்டாம்"னு சொல்லு. ஏன்னு கேட்டா மறுக்காவும் "வேண்டாம்"னு சொல்லு. சொல்லிப்போட்டு ஒக்காந்துக்கோ. செரீங்கன்னுட்டுத்தான் உள்ள போயிருக்கா.

எதுக்கு வேண்டாங்கறேன்னு கேளுங்க. நீங்க ஊருக்குப் புதுசு, தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான்.

இந்த நொச்சிக்காட்டுப்புதூரு முன்ன வெறும் பஞ்சாயத்துங்க. நாலு வீதி, ஒரு சந்தை. பனியன் கம்பெனிக வந்துச்சு, அதுக்குப் பின்னால ஜனம் வந்துச்சு, காடெல்லாம் சைட்டாப் போச்சு. அப்பறந்தான் இனி முப்பது வருஷத்துக்கு எத்தன ஜனம் வரும்னு கணக்குப் போட்டு, தண்ணிக்கும் சாக்கடைக்கும் பெரிய கொழாயாப் பதிக்கோணும்னு கவர்மெண்டுல சொன்னாங்க. நல்ல காரியந்தான். நான் வேண்டாங்கலே. அதுக்கு ஜெபராஜுன்னு ஒரு இஞ்சினியரு வந்தாரு, தூத்துக்குடிப் பக்கத்து ஆளு. மூணு காலு மெஷின ஒண்ணத் தூக்கிட்டு வீதி வீதியா வெச்சு, ஒரு கண்ண மூடிட்டுப் பாப்பாரு. பாத்துப் பாத்துக் கடைசியா எங்க வந்து நின்னாருங்கறீங்க? எங்கூட்டுக்குப் பக்கத்துல எங்க காலி எடத்துல.

"ஊர்லயே இதுதான் சார் தாழ்வான எடம். சாக்கடை பூராம் தானா இங்க வந்துரும். இங்க ஒரு பெரிய கெணறு தோண்டி மோட்டர் ரூம் கட்டிட்டா, ஊருக்கு வெளிய சுத்திகரிக்கற எடத்துக்கு அடிச்சு உட்ரலாம்"னாரு.

எனக்கு எப்படி இருக்குமுங்க? எங்க பக்கத்துக்குப் பேரு குட்டைக்காடு. முன்ன அங்க ஒரு குட்டை இருந்துச்சு. மழ பேஞ்சா ஊர்த் தண்ணி பூராம் அங்கதான் வந்து நிக்குமாமா. அத மூடித்தான் சைட்டுப் போட்டது. நான் மூடலீங்க, எங்கப்பன் மூடுனாரு. அந்த எடத்துல லைனா ஊடு கட்டி வாடகைக்கு உடலாம்னு நான் நெனச்சிட்டிருந்தா, ஊர்ப் பீத்தண்ணிய எங்கூட்டு வாசலுக்குக் கொண்டாந்து சேக்கறேங்கறாரு. மேட்டு வீதில மயில்சாமின்னு ஒருத்தன், நாலாவது வார்டுக் கவுன்சிலரு. அவங்கூட்டுக்கு முன்னால சந்தை மைதானம் சும்மாத்தான கெடக்குது. அங்க கட்டுங்கன்னேன்.

"மேட்டுக்குத் தண்ணி ஏறாது சார்"னாரு.

"ஏறலீன்னா ஒரு மோட்டர் வெய்யுங்க"ன்னேன்.

"மோட்டர் வெக்கற எடந்தான் சார் இது"ன்னாரு.

பாத்தீங்களா, எப்படிச் சுத்தி வளைச்சுப் பேசறாருன்னு.

நான் உடுவனா. வார்டு ஜனத்தக் கூட்டிட்டுப் போயி பஸ்ஸ மறிச்சேன். உண்ணாவிரதம் ஒக்காந்தேன், காத்தால ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முடிச்சோம். அப்பறம் கூட்டத்துல பேசிப் பேசி, மோட்டர் ரூம்ப சந்தை மைதானத்துக்கே மாத்திட்டேன். ஆனா தண்ணி மேட்டுக்கு ஏறோணுமே, அதுக்குன்னு எங்கூட்டு முன்னால ரோட்டுக்கடில சின்னதா ஒரு தொட்டி, அதுல ஒரு சின்ன மோட்டரு. தற்காலிக ஏற்பாடுன்னு தீர்மானம் போட்டாங்க. எனக்குப் பொன்னாடை போத்தி, பட்டாசு வெடிச்சு, "குட்டைக்காட்டின் காவலரே"ன்னு பிளெக்ஸ் வெச்சாங்க. எங்கூட்டுச் சுவத்துல இன்னும் அந்தப் போட்டோ இருக்குது.

அன்னிக்கு ராத்திரி சோறு போடும்போது பூங்கோதை கேட்டா, "ஏனுங்க, அந்தச் சின்ன மோட்டரு நின்னு போச்சுன்னா என்ன ஆகும்"னு. மோட்டரு எதுக்குடி நிக்குதுன்னேன். நல்ல நாள்ல என்ன பேச்சுப் பேசறா பாருங்க.

அப்பறம் மூணு வருஷமா நான் பண்ணுன சேவை கொஞ்சநஞ்சமில்லீங்க. புதுசு புதுசா நகரு வந்துச்சு, அடுக்குமாடி வந்துச்சு. சாக்கடை கனெக்ஷன் வேணும்னு யாரு வந்து நின்னாலும் இல்லேன்னு சொன்னதில்ல. என்ற வார்டு, உன்ற வார்டுன்னு பாக்க மாட்டேன். தொட்டி தாங்காது சார்னு ஜெபராஜு ஒவ்வொரு தடவயும் அழுவாரு. ஜனம் பெருகுது, கொழா மட்டும் பெருகாதான்னு கேட்டு வாங்கிக் குடுத்துருவேன். அந்த அடுக்குமாடி மட்டும் எத்தன ஊடு தெரியுமுங்களா. எல்லாம் நான் வாங்கிக் குடுத்ததுதான்.

பொறகு இந்தப் பொங்கற நோக்காடு ஆரம்பிச்சுது. ரோட்டுத் தொட்டி மூடி தானா மேல எந்திரிச்சு, கருப்பாத் தண்ணி வரும். ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில குளிக்கற ரூம்புக்குள்ளயும் வரும், நீங்க ஒரு சொம்பு ஊத்துனா அது ரெண்டு சொம்பு திருப்பிக் குடுக்கும். எதனாலன்னு எனக்குத் தெரியும். மயில்சாமி பண்ற வேல. அவன் வார்டு மேடு. தெனமும் காத்தால ஆறரைக்குத்தான் பொங்குது. அதெப்படீங்க, ஊர்ல இருக்கறவங்க அத்தன பேரும் சொல்லிவெச்சாப்பல ஆறரைக்கே குளிப்பாங்க? ஒருத்தன் பின்னாலருந்து ஏற்பாடு பண்ணாம நடக்குமுங்களா. நானும் இத எத்தனையோ எடத்துல சொல்லிட்டேன். ஒருத்தரும் வெசாரிக்கலே.

வீதிப் பொம்பளைக குடிக்கற தண்ணிலயும் வாடை அடிக்குதுன்னு பாட்டில்ல புடிச்சுட்டு வந்து பூங்கோதைகிட்டக் காட்டுவாங்க. அவ மோந்து பாப்பா. வெளிச்சத்துல தூக்கிப் பாப்பா. எந்த ஊடு, எந்த நேரம்னு கேப்பா. நான் சொல்லுவேன், அம்மணி, இதெல்லாம் ஆம்பளைக பாத்துக்கறோம், நீ உள்ள போன்னு. போயிருவா.

வாங்க ஆறுச்சாமி. டீ உள்ளயாப் போகுது? எத்தனாவது பொருளு ஓடுது? பன்னெண்டா. செரி, போங்க. அவரு ஆபீஸ் அட்டெண்டரு, நம்மாளுதான்.

எங்க உட்டேன்? ஆமா. எங்க புள்ள பிரவீணா. ஒரே புள்ளைங்க. கோபிப் பக்கம் குடுத்திருக்கோம். நல்ல குடும்பம், மாப்பிள்ளை தங்கமான பையன். இப்ப முழுகாம இருக்கறா. தலைப்பிரசவம் அம்மா ஊட்லதான பாக்கோணும். ரூம்புக்கு வெள்ளையடிச்சு, கட்டிலு புதுசா வாங்கிப் போட்டு, எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். வளைகாப்பு அவங்கூட்ல முடிஞ்சு, சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் கார்ல கூட்டிட்டு வந்து உடறாங்க. நாங்க முன்னாலயே வந்து, வாசல்ல கோலம் போட்டு, ஆரத்தி கரைச்சு வெச்சுக் காத்துக்கிட்டிருக்கோம்.

அன்னிக்குன்னு பாத்து காத்தாலருந்து கரண்டு இல்ல. சின்ன மோட்டரு நின்னுருச்சு.

கோலம் போச்சுங்க. வீதி பூராம் முட்டி ஆழத்துக்குக் கருப்புத் தண்ணி. கார் வந்து வீதி முக்குலயே நின்னுருச்சு. நான் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ள எறங்கிக் காருக்குப் பக்கத்துல போனேன். வாங்க சம்பந்தியம்மா, ஒண்ணுமில்ல, இப்ப வடிஞ்சுரும்னேன். அவங்க கண்ணாடிய எறக்கி என்னையப் பாத்தாங்க, எங்கூட்டப் பாத்தாங்க. மூக்கப் பொத்தக்கூட இல்லீங்க, மரியாதையான பொம்பள. "கொழந்தைய இங்க வெச்சு எப்படீங்கண்ணா. புள்ள எங்கூட்லயே இருக்கட்டுங்க"ன்னாங்க. திட்டிருந்தாங்கன்னாக்கூடத் தேவலீங்க. மெதுவாத்தான் சொன்னாங்க.

எம் புள்ள உள்ள ஒக்காந்திருந்தா. கை நெறைய வளையலு. "அப்பா, நீங்க அதுல நிக்காதீங்கப்பா, கால்ல புண்ணு இருக்குதல்ல"ன்னா. கால கீழயே வெக்கலீங்க அவ. அப்படியே கார் திரும்பிப் போயிருச்சு.

பூங்கோதை ஆரத்தித் தட்டக் கைல வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா. நான் மயில்சாமியத்தான் திட்டுனேன், வேற யாரத் திட்டறது. அவ என்னையத் திரும்பிப் பாத்தா பாருங்க. கட்டுன ஊட்டுக்குப் பெத்த புள்ளையக் கூட்டிட்டு வர முடியல.

அன்னிலிருந்து அவ போக்கே செரியில்லீங்க. ஊட்டு வேலைய முடிச்சதும் வண்டிய எடுத்துட்டு இங்க வந்துர்றா. ஜெபராஜு மேசைல மேப்ப விரிச்சு வெச்சு ரெண்டு பேரும் பாக்கறாங்களாமா. ஆறுச்சாமிதான் சொன்னாரு. மேப்புல என்னங்க இருக்குது, கோடுதான். ஒரு நாளு சோத்தப் போட்டுட்டு, "ஏனுங்க, தண்ணி பள்ளத்துக்குத்தான வரும்"னா. இதக் கண்டுபுடிக்கவா இத்தன நாள் போனேன்னு கேட்டுச் சிரிச்சேன். அவ சிரிக்கலே.

இப்ப பக்கத்துல இருக்கற மூணு பஞ்சாயத்தையும் நம்ம ஊரோட சேத்துப்போட்டாங்கல்ல, அதுக்குப் புது விரிவாக்கத் திட்டம் வந்திருக்குது. அதே ஜெபராஜு, அதே மூணு காலு மெஷினு, மறுக்காவும் எங்க காலி எடத்துலயே வந்து நிக்கறாரு. அதுதான் பொருள் பதினாலு. இந்த மோட்டர் ரூம்புக்கு வழி பண்ணுன பொறகுதான் புதுசா யாருக்கும் தண்ணி கனெக்ஷன்னு கமிஷனரம்மா நிறுத்தி வெச்சிருக்காங்க. தண்ணி குடுத்தா அது சாக்கடையாப் போறதுக்கு எடம் வேணுமாமா. உங்க கனெக்ஷன் நிக்கறதும் அதனாலதான். நீங்க வெசனப்படாதீங்க. இன்னிக்கு அந்தப் பதினால ஒழிச்சுக் கட்டிப்போட்டு, அடுத்தது உங்க தண்ணிதான்.

ஏனுங்க மொகம் வாடிப்போச்சு? தண்ணி குடிக்கறீங்களா?

எடம் எங்குளுது. நான் குடுக்கலீன்னா எப்படிக் கட்டுவாங்க. பத்திரம் அவ பேர்ல இருக்குது, அது வேற விசயம். என்ற ஜாதகத்துக்கு எம் பேர்ல மண்ணு தங்காதுன்னு ஜோசியரு சொல்லிப்போட்டாரு. அதனால ஊடு, எடம், வண்டி எல்லாமே அவ பேர்லதான். பேருதான அவளுது.

சித்த இருங்க. உள்ள யாரோ பேசறாங்க. பொம்பளக் கொரலா இருக்குது. மூணாவது வார்டு டீச்சரம்மாவா இருக்கும், அவங்கதான் நல்லாப் பேசுவாங்க. கேளுங்க, எவ்வளவு தெளிவா. "காத்தால ஆறரைலிருந்து எட்டு வரைக்கும் வர்ற தண்ணிய அந்தத் தொட்டி தாங்காதுங்க, அது எல்லாரும் குளிக்கற நேரம்." ம். "கரண்டு போனாலும் ஓடறாப்பல ஜெனரேட்டரோட வேணுமுங்க." டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். "கொழாயில அழுத்தம் கொறையறப்ப சாக்கடை குடிதண்ணிக்குள்ள எறங்குது, எங்க வீதில மஞ்சக் காமாலை வந்த ஊடுகளச் சொல்றேனுங்க."

எங்க வீதிங்கறாங்க.

டீச்சரம்மாவுக்கு வாய்ல "ங்க" வராதுங்களே.

அது எங்கூட்டுக் கொரலுங்க. இருவத்தேழு வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா. ஆனா இத்தன நேரம் ஒரே மூச்சுல பேசி நான் கேட்டதில்ல. ரெண்டு வார்த்ததான சொல்லி உட்டேன். எதுக்கு இவ்வளவு பேசறா? எடைல ஒருத்தரும் குறுக்கப் பேசவுமில்ல பாருங்க. மயில்சாமிகூட.

என்ன சத்தம் அது? மேசையத் தட்றாங்க. சண்டையா இருக்குமோ. இல்ல, கை தட்ற மாதிரியுமிருக்குது.

ஆறுச்சாமி, இங்க வாங்க. பதினாலு என்னாச்சு? நிறைவேறிருச்சா. வேண்டாம்னுதான? வேணும்னா? ஒருத்தர்கூட எதிர்க்கலியா? எங்க கட்றாங்களாமா? குட்டைக்காட்டுலயா. எடம் யாரு குடுத்தாங்கன்னு கேக்கறேன். கவுன்சிலரம்மாவா? எந்தக் கவுன்சிலரம்மா?

செரி. நீங்க போங்க ஆறுச்சாமி.

பாத்தீங்களாங்க. எம் பேர்ல தங்காதுன்னு அவ பேர்ல எழுதுனேன். அவ பேர்லயும் தங்கலே. நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க? ஓ, உங்க தண்ணி. ஆமாமா. உங்களுக்கு வந்துரும், சந்தோசமா இருங்க.

கதவத் தொறந்துட்டாங்க. அதா அந்த ஊதாச் சேலை. மயில்சாமி அவளக் கும்புட்டுட்டுப் போறான். என்னையப் பாத்து ஒரு தலையாட்டு, அவ்வளவுதான்.

அம்மணி, இங்க வா. உன்ன நான் என்ன சொல்லி அனுப்புனேன்?

கேட்டீங்களாங்க, "வேண்டாம்னு சொல்லச் சொன்னீங்க, இங்க வந்த நாள்லருந்து அதத்தான சொல்லிட்டிருந்தேன்"ங்கறா. ஆளுக முன்னால இப்படிப் பேசறா. செரி, கட்டட்டும். கட்டட்டும் அம்மணி. கட்டி முடிய ரெண்டு வருஷமாகும். உம் புள்ளைக்கு அடுத்த மாசம். அதுக்கு என்ன பண்ணுவே? அதுக்குத் தீர்மானம் போட்டியா?

என்னது? ஊடு பாத்தாச்சா? எங்க? மேட்டு வீதிலயா? நம்ம சொந்த ஊடு இருக்க, வாடகை ஊட்லயா புள்ளையப் பெத்துக்கறது? "அங்கதான் பொங்காதுங்க"ங்கறா. சம்பந்தியம்மா வந்து பாத்துச் செரின்னுட்டாங்களாமா. எனக்குத் தெரியாம அவங்க ஊருக்கு வந்து, ஊட்டப் பாத்து, காப்பி குடிச்சுட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கெழம பால் காச்சி, அன்னிக்கே பிரவீணாவக் கூட்டிட்டு வர்றாளாமா. நான் வர்றதுன்னா வரலாமாமா. வல்லீன்னா குட்டைக்காட்டுலயே இருக்கலாமாமா, ரெண்டு நேரமும் சோறு குடுத்து உடறாளாமா. சொல்லிப்போட்டு, இதோ வண்டிய எடுக்கப் போறா பாருங்க. திரும்பிக்கூடப் பாக்கலே.

இருங்க. நீங்க ஒக்காருங்க, இத நான் இப்பவே தீத்துட்டு வர்றேன்.

ஏ அம்மணி. நில்லு. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ. மயில்சாமி வார்டுல கால வெக்கற ஆளு நானில்ல. பஸ்ஸ மறிச்சவன் நானு. ஊரே என்னையப் பாத்துச் சிரிக்கும். அந்த ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், நீ வேணா எழுதி வெச்சுக்கோ. கேக்குதா?

வெள்ளிக்கெழம எத்தன மணிக்குப் புள்ள வருது?